ஒதுக்குக் கூடையிலிருந்து போன குண்டு

போன வாரம் பட்டறைக்கு வந்து உங்களையெல்லாம் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். ஆனால் விளையாட்டுக் குண்டு ஒன்றைக் கையில் எடுத்ததும் ஒவ்வொருவரும் அதில் அடித்திருக்கிற எண்ணைத்தான் முதலில் படிக்கிறீர்கள். பெண் பார்க்கப் போய் ஜாதகத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி. எண் பொய் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். எடை எவ்வளவு, குறுக்களவு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். அந்த எடை குண்டுக்குள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, அதை எறியப் போகிற கை எப்படிப்பட்ட கை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நான் நம் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். என் அப்பா மில்லில் நெய்தவர். மில் வேலை நிச்சயமில்லை என்று ஆனபோது, எங்கள் வீடு இருந்த சாரம் பகுதியிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. "என்னம்மா வேலை?" என்று கேட்பார்கள். "குண்டு உருட்டறேன்" என்பேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர் மட்டும் "அதுக்கு சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்டார். அவரை நான் கட்டிக்கொள்ளவில்லை.

சின்ன மரக் குண்டை முதலில் எறிந்து, அதற்குக் கிட்டத்தில் இரும்புக் குண்டுகளைக் கொண்டுபோய் நிறுத்துகிற பெத்தாங் ஆட்டம் நம் ஊருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அப்போது அதை ஆடுகிறவர்களுக்கு நல்ல குண்டு வேண்டுமென்றால், பிரான்சிலிருந்து யாராவது வரும்போது பெட்டியில் தூக்கி வந்தால்தான் உண்டு. சட்டை துணிமணிக்கு நடுவில் இரும்புக் குண்டைச் சுமந்து வர எத்தனை பேருக்கு மனசு வரும்? அதனால் எங்கள் முதலாளி பம்பு உதிரிப் பாகங்களோடு குண்டும் செய்ய ஆரம்பித்தார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆடத் தெரியாதவர், ஆட்டத்தைப் பார்க்கப் போனாலும் தூங்கிவிடுகிறவர். ஆனால் கோணலான சாமான் தன் பட்டறை வாசலைத் தாண்டக்கூடாது என்பதில் பிடிவாதக்காரர்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு இரும்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்ட வைத்துப் பற்று வைத்தால், அதாவது வெல்டிங் அடித்தால், குண்டு. உள்ளே ஒன்றும் இருக்காது, காற்றுதான். பற்றவைக்கும்போது இரும்பு உருகி உள்பக்கம் ஒரு சொட்டு அதிகமாக வழிந்து உறைந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கடைந்து பளபளவென்று ஆக்கிவிடலாம். தராசில் எடையும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். மட்டம் பார்த்து வைத்த கண்ணாடிப் பலகையின்மேல் மெதுவாக உருட்டிவிட்டால்தான் குட்டு வெளிப்படும். நல்ல குண்டு நிற்கிற இடத்தில் நிற்கும். வயிற்றில் கனமுள்ள குண்டு முன்னும் பின்னும் ஆடி, எத்தனை முறை விட்டாலும் அதே பக்கத்தைக் கீழே வைத்துப் படுத்துக்கொள்ளும். அதைப் பிடிப்பதுதான் என் வேலை. பிடித்ததும் வாசலோரம் இருந்த ஒதுக்குக் கூடையில் போட்டுவிடுவேன். எண் அடிப்பது தேறிய குண்டுக்கு மட்டும்தான்.

இனி சொல்தா கதைக்கு வருகிறேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை நம் ஊரில் சொல்தா என்போம் அல்லவா? அப்படி ஒருவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சில். காலையில் ரேடியோ, மாலையில் பெத்தாங் மைதானம், இதற்கு நடுவில் பகல் எப்படியோ போய்விடும். ஒருநாள் பட்டறைக்குக் குண்டு வாங்க வந்தார். எங்கள் மணல் முற்றத்தில் மரக் குண்டுக்குப் பதில் ஒரு சின்னக் கல்லைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறதா என்று ஒவ்வொரு குண்டாக எறிந்து பார்த்தார். இது துள்ளுகிறது, அது ஓடுகிறது, இன்னொன்றுக்குச் சொரணையே இல்லை என்று குண்டுக்கு ஒரு குறை. கடைசியில் ஒதுக்குக் கூடை கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒன்றை எடுத்து எறிந்தார். குண்டு நேராகப் போய், வேகம் அடங்குகிற நேரத்தில் இடப்பக்கம் வளைந்து, வழியிலிருந்த குண்டைச் சுற்றிக்கொண்டு கல்லை ஒட்டி நின்றது.

"மத்மசெல்! பாத்தியா? இதுக்கு மூளை இருக்குது!" என்றார் என்னிடம். கல்யாணமாகாத பெண் என்பதால் நான் அவருக்கு மத்மசெல், அவர் எனக்கு மிசே, பிரெஞ்சில் ஐயா.

"மூளை இல்ல மிசே, கட்டி. உள்ள பற்று வழிஞ்சிருக்குது. அது கழிச்ச குண்டு."

"உனக்கு இன்னா தெரியும்? அது என் கையோட பக்குவம்."

பாய் வந்து சொன்னார், நானும் சொன்னேன். அவர் குண்டைக் கீழே வைத்தால்தானே! கடைசியில் பாய், "சரி, கொண்டு போங்க. கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுக்க வச்சிக்குங்க. ஆட்டத்துக்கு எடுக்காதீங்க" என்று இனாமாகவே கொடுத்துவிட்டார். சொல்தா தலையை ஆட்டினார். ராணுவத்தில் எல்லா உத்தரவுக்கும் அப்படித்தான் தலையை ஆட்டியிருப்பார் என்று பிறகு புரிந்தது.

கதவு எங்கே, குண்டு எங்கே? அடுத்த இரண்டு வருஷம் மைதானத்தில் அவர்தான் ராஜா. எதிராளி குண்டு குறுக்கே நின்றாலும் சுற்றிக்கொண்டு போய் மரக் குண்டை ஒட்டி நிற்கிறதாம். இந்த விஷயம் எனக்கு எட்டியபோது ஊரே அவருடைய கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பாயிடம் சொன்னேன். பாய் ஆளனுப்பி, அதை ஆட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். "கதவுக்குத்தான் வச்சிருக்கேன்" என்று பதில் வந்தது.

அவரிடம் அதிகமாகத் தோற்றவர் அவருடைய சகலை. சைக்கிள் கடை வைத்திருந்தவர். அக்காள் தங்கையைக் கட்டியவர்கள், மாலையில் ஒன்றாகவே மைதானத்துக்குப் போவார்கள், ஒன்றாகவே சண்டை போடுவார்கள். சகலை தோற்கும்போதெல்லாம் சொல்தா, "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்" என்பார். ஆனால் சைக்கிள் கடைக்காரர் சாதாரண ஆளில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்தே கண் பழகியவர். ஓர் ஆட்டத்தில் சொல்தாவின் குண்டு நிற்கப்போகிற நேரத்தில் லேசாகத் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டார். "நிறுத்துங்க ஆட்டத்த! குண்டுக்குள்ள இன்னாத்தையோ ஊத்தி வச்சிருக்காரு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

குண்டைத் துளைத்து உள்ளே பாதரசமோ மணலோ அடைத்து, துளையை மூடி ஆடுகிற திருட்டு இந்த ஆட்டத்தில் உண்டு. அதற்கு மைதானத்து ஆட்டக்காரர்களின் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புகார் வந்தால் குண்டை இரண்டாக அறுக்க வேண்டும். உள்ளே ஏதாவது அடைத்திருந்தால், ஆடியவர் ஆயுசுக்கும் அந்த மைதானத்தில் கால் வைக்கக்கூடாது. திருட்டு இல்லையென்றால், புகார் சொன்னவர் புதுக் குண்டு வாங்கித் தந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் கிளப் ஆட்கள் ஒரு கூட்டமாகப் பட்டறை வாசலில் நின்றார்கள். நடுவில் சொல்தா, குண்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

"அறுக்கக் கூடாது. நோன். என் மேல ரம்பத்த வைங்க, இது மேல வைக்காதீங்க" என்றார்.

"மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு சகலை?" என்றார் சைக்கிள் கடைக்காரர். கூட்டம் சிரித்தது. சொல்தாவின் முகம் வெளுத்துவிட்டது. அறுக்கவிடாமல் அவர் குண்டைப் பிடித்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூட்டத்தின் மனதில் அவர் திருடனாகிக்கொண்டே இருந்தார். அந்த மைதானம் போய்விட்டால் அந்த மனிதருக்கு மாலை என்று ஒன்று இல்லை. அது எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உடனே கண்ணாடிப் பலகையை எடுத்து உருட்டிக் காட்டியிருப்பீர்கள். சரியான சோதனைதான். குண்டு ஆடிப் படுத்திருக்கும், எல்லோரும் "ஆ, கனம் இருக்குது, திருடன்!" என்றிருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பற்று, சொட்டு என்று எத்தனை விளக்கம் சொன்னாலும் யார் காதில் ஏறும்? சரியான சோதனையைத் தப்பான நேரத்தில் செய்தால் அதுவே பொய்சாட்சி ஆகிவிடும்.

நான் சைக்கிள் கடைக்காரரிடம், "அண்ணே, திருட்டுக் குண்டுன்னா யாரு போட்டாலும் ஜெயிக்கணும் இல்ல? நீங்க ஒருவாட்டி போடுங்க" என்றேன். சொல்தாவிடமிருந்து குண்டைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன். முற்றத்தில் கல்லை வைத்தோம். அவர் கையை ஊதிக்கொண்டு, குனிந்து, அழகாகத்தான் எறிந்தார். குண்டு பாதி வழியில் மனம் மாறி வலப்பக்கம் திரும்பி, சாக்கடையில் போய் விழுந்தது. கழுவி எடுத்து வந்து கிளப் செயலாளர் போட்டார். அவருக்கு அது தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. இன்னொருவர் போட்டது அவருடைய ஸ்கூட்டரையே போய் இடித்தது. இப்போது கூட்டம் வேறு மாதிரி சிரித்தது.

"இப்ப நீங்க போடுங்க மிசே."

சொல்தா குண்டை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் தடவி, அதை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். அந்தத் திருப்பலை அவர் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. எறிந்தார். குண்டு வளைந்து வந்து கல்லை ஒட்டி நின்றது.

அப்போதுதான் கண்ணாடிப் பலகையைக் கொண்டு வந்தேன். உருட்டினேன். ஆடி ஆடி ஒரே பக்கமாகப் படுத்தது. பாய் முன்னால் வந்தார். கிளப் மொத்தத்துக்கும் குண்டு செய்து தர அப்போதுதான் அவரிடம் பேசியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டறை பெயராவது பிழைத்திருக்கும். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள கனம் இருக்குது. அது எங்க வேலையில வந்த கோளாறு. நாங்க கழிச்சிப் போட்டத நான்தான் எடுத்துக் குடுத்தேன். தப்பு என்னோடது. இவரு மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

"கஸ்டமருக்கு முட்டுக் குடுக்கறீங்க பாய்" என்றார் சைக்கிள் கடைக்காரர். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

சொல்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிமேல் படுத்திருந்த குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் கை?" என்று மெதுவாகக் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு அவரே குண்டை எடுத்துப் பாயிடம் நீட்டி, "அறுத்துடுங்க" என்றார்.

அறுத்தோம். துளைத்த தடம் இல்லை, அடைத்த அடையாளம் இல்லை. மூட்டு ஓரத்தில், பற்று வழிந்து உறைந்த கட்டி, ஒரு புளியங்கொட்டை அளவு. கிளப் ஆட்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. சகலை மன்னிப்புக் கேட்டார், புதுக் குண்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் பயந்ததுபோல் ஆர்டரும் போகவில்லை, கண்ணாடிப் பலகையைப் பார்த்த பிறகு இன்னும் கெட்டியானது. கதை இதோடு முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து சைக்கிள் கடைக்காரர் தனியாக வந்தார். வாசலிலேயே நின்று இங்கும் அங்கும் பார்த்தார்.

"யம்மா, அந்த மாதிரி இன்னொண்ணு செஞ்சித் தர்றியா?"

"எந்த மாதிரி?"

"அதான். கோணக் குண்டு. உள்ள ஒரு சொட்டு... அது மாதிரி."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எதுக்குண்ணே? அன்னிக்கு அறுக்கச் சொல்லிக் குதிச்சது நீங்கதான?"

அவர் சிரிக்கவில்லை. "புதுக் குண்டுல அவரு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. நாலு பேரு கேலி பண்ணாங்க. இப்ப மைதானத்துக்கே வர்றதில்ல. வீட்டுக்குப் போனா ரேடியோவ சத்தமா வச்சிக்கிறாரு. எங்கிட்ட சண்டைகூடப் போட மாட்டேங்கறாரு. எனக்கும் அங்க போகப் புடிக்கல" என்றார். ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட மனிதர், அழுகிற நிலையில் நின்றார்.

இங்கே கோணக் குண்டு செய்வதில்லை என்று சொன்னேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தக் குண்டு இன்னொரு நாள் இன்னொருவர் கண்ணில் பட்டால் அன்றைக்குப் பற்று வழிந்த கோளாறு என்று சொல்லித் தப்ப முடியாது, அது திருட்டுதான். பிறகுதான், "நீங்க வாங்கிக் குடுத்த குண்டு எது?" என்று கேட்டேன்.

அவர் பெருமையாகச் சொன்னார். பட்டறையில் இருந்ததிலேயே உசத்தியானது, நன்றாகப் பளபளப்பாக இருந்தது, பெரிது. நான் லீவில் இருந்த நாள் பார்த்து வாங்கியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அது எதிராளி குண்டை அடித்துத் தூக்குகிறவர்களுக்கான குண்டு. கைக்குப் பெரியது, மேனி வழவழ, ஓடு மெல்லிசு, விழுந்தால் ஓடும். சொல்தாவோ மரக் குண்டின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறவர். மன்னிப்புக் கேட்கப் போனவர், விலையைப் பார்த்து வாங்கினாரே தவிர ஆளைப் பார்த்து வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகச் சொல்தா வீட்டுக்குப் போனோம். என் சைக்கிள் கூடையில் குண்டுகள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எனக்குக் கையே இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சி போச்சி. இன்னும் இன்னா பாக்கணும்?"

"கையப் பாக்கத்தான் வந்தேன். நீட்டுங்க" என்றேன். பெரிய பேச்செல்லாம் பேசினால் கதவைச் சாத்திவிடுவார் என்று தெரியும்.

நீட்டினார். சின்னக் கை, குட்டை விரல். அந்தப் பெரிய குண்டை இந்த விரல்கள் எப்படிப் பிடித்திருக்கும்? முற்றத்து மணலில் ஒரு குண்டை எறியச் சொன்னேன். கை அதே பழைய திருப்பலைத் திருப்பியது. கோணக் குண்டை நேராக்கப் பழகிய கை, இப்போது நேர்க் குண்டைக் கோணலாக்கிக்கொண்டிருந்தது.

"மிசே, உங்களுக்குக் கை இல்லன்னு யாரு சொன்னது? அந்தக் குண்ட எங்க முற்றத்துல அத்தன பேரு போட்டாங்க, ஒருத்தருக்காவது நின்னுச்சா? அது எங்க கோளாறு. அத வழிக்குக் கொண்டாந்தது நீங்க. இப்ப கைக்கு அந்தப் பழக்கத்த மறக்க வைக்கணும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்று முறைத்தார். முறைப்பது நல்ல அறிகுறி.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உருவத்தில் சின்னது, ஓடு தடிமன், அதனால் கையில் கனம் தெரியும். மேலே வரி வெட்டியிருந்ததால் மணலைப் பற்றிக்கொண்டு விழுந்த இடத்தில் நிற்கும். எறிந்தார். தள்ளித்தான் நின்றது, ஆனால் ஓடவில்லை. இன்னொன்று. இதுவும் தள்ளித்தான். சகலை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

"இது மந்தக் குண்டு. சொன்ன பேச்சு கேக்குது, சுயபுத்தி கெடையாது" என்றார் சொல்தா.

"உங்களுக்கு எதிர்ப்பதமா ஒண்ணு வேணும்னுதான் செஞ்சோம்" என்றேன். சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்தா அவரை முறைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முறைக்கிறார் என்று சகலை முகம் மலர்ந்துபோனதைப் பார்க்க வேண்டுமே! குண்டுகளைச் சொல்தா திருப்பித் தரவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் தராசு, கருவி எல்லாம் நல்லதாக வந்துவிட்டது. நான் கண்ணாடியில் தேடியதை அவை கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். சந்தோஷம்தான், பொறாமையும் உண்டு. ஆனால் வாங்க வருகிறவரை முற்றத்தில் ஒரு தடவை எறியச் சொல்லிப் பாருங்கள். அவர் தன் கையைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் முழுக்கச் சொல்தாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் குண்டு உருட்டினேனே தவிர மனசு உருட்டலில் இல்லை. குண்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோமா, அல்லது இன்னொரு முறை அந்த மனிதரை அவமானப்படுத்த வழி செய்துவிட்டோமா என்று பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை, பட்டறை திறப்பதற்கு முன்பே சைக்கிள் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து வந்தாரும்மா" என்றார். "எல்லா ஆட்டமும் தோத்துட்டாரு."

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னிக்கும் வர்றேன்னு சொல்லியிருக்காரு."